சிவப்பு அட்டைக்கு டீ கிடையாது

விசாரணைக்கு வருகிறவர்களுக்கு இந்துஜா முதலில் டீ கொடுப்பாள். அது உபசாரம் இல்லை. கோவில்பட்டி உணவு ஆய்வு அலுவலகத்தில் ஆறு வருஷம் குப்பை கொட்டியதில் அவள் கற்றுக்கொண்ட வித்தை. சிவப்பு அட்டைக்காரர்கள் டீ குடிக்கக் கூடாது. சாப்பாட்டில் இருக்கும் இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் டீ மறித்துவிடும் என்பதால் அப்படி ஒரு விதி. ஆனால் வெயிலில் பஸ் பிடித்து வந்து, வராந்தாவில் கால் கடுக்க நின்றுவிட்டு உட்காருகிறவர் முன்னால் ஆவி பறக்க ஒரு தம்ளரை வைத்தால், பாதிப் பேருக்குக் கை தன்னால் நீளும். நீண்டதா, கோப்பில் 'மீறல்' என்று எழுதிவிடுவாள். அதோடு அவர்களுடைய வைத்தியத்துக்கும் அரசாங்கத்துக்கும் சம்பந்தம் அறுந்துபோகும்.

வர்ஷினியின் கை நீளவில்லை.

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. முகம் துலக்காத வெண்கலப் பாத்திரம் மாதிரிக் கறுத்திருந்தது. கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் நீர் கோத்து முன்னால் தள்ளியிருந்தது. ஒரு பக்கம் புருஷன் அஸ்வந்த் கைத்தாங்கலாகப் பிடித்திருந்தான். இன்னொரு பக்கம் அவளுடைய அம்மா வேலுத்தாய் முந்தானையால் வாயைப் பொத்தியபடி நின்றாள்.

"குடிங்க. வெயில்ல வந்திருக்கீங்க" என்றாள் இந்துஜா.

"வேணாம் மேடம். எனக்குச் சிவப்பு அட்டை."

"ஒருநாள் குடிச்சா என்ன ஆயிரப்போகுது?"

"ஒம்போது வருசமா குடிக்கல மேடம். இன்னைக்கு மட்டும் எதுக்கு?"

அவள் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள். அஸ்வந்த் அந்தத் தம்ளரை எடுத்து அவள் கண்ணில் படாமல் ஜன்னல் திட்டில் தள்ளி வைத்தான். இந்துஜாவுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. இந்த வேலையில் கூச்சம் அடிக்கடி வருவதில்லை.

தன்னுணவுத் திட்டம் வந்தபோது நாடே கொண்டாடியது. எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தைத்தான் அது சட்டமாக்கியது. ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே சாம்பாரைச் சாப்பிட்ட இரண்டு பேரில் ஒருவர் எண்பது வயது வரை ஓடியாடுவார். பக்கத்து இலைக்காரர் நாற்பத்தைந்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார். சாம்பார் மேல் குற்றமில்லை. பிறக்கும்போதே உடம்புக்குள் எழுதிவந்த எழுத்து ஆளுக்கு ஆள் வேறு. அந்த எழுத்தும் தட்டில் விழுவதும் சேர்ந்துதான் வியாதியைக் கொண்டுவருகின்றன. ஆகவே ஊர் ஊராக முகாம் போட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு தடவை ரத்தம் எடுத்து, அந்த எழுத்தைப் படித்து, அதற்கேற்ற அட்டையைக் கொடுத்துவிட்டார்கள். சர்க்கரைக்கு ஆகாதவர்களுக்கு நீலம், கொழுப்புக்கு ஆகாதவர்களுக்கு மஞ்சள், எதைத் தின்றாலும் தாங்குகிற பாக்கியவான்களுக்கு வெள்ளை. இரும்பு ஒட்டாத உடம்புக்குச் சிவப்பு. சிவப்புக்காரர்களுக்கு ரேஷனில் இரும்பேற்றிய அரிசி, இரும்பேற்றிய உப்பு, மாசாமாசம் பேரீச்சம்பழம். அட்டைப்படி சாப்பிட்டும் வியாதி வந்தால் முழு வைத்தியமும் அரசுப் பொறுப்பு. மீறியவர் தலையெழுத்து அவரவர் பொறுப்பு.

வர்ஷினியின் கல்லீரல் முழுக்க இரும்பு படிந்து சுருங்கிப்போயிருந்தது. வேறு கல்லீரல் வைத்தால்தான் பிழைப்பாள். ஏழு மாதத்துக்கு முன்பே அவள் மனு இந்த மேஜைக்கு வந்தது. இரும்பே ஒட்டாத உடம்பில் இரும்பு குவிந்திருக்கிறதென்றால் வெளியே டானிக் வாங்கிக் குடித்திருக்க வேண்டும், இது பாலபாடம் என்று நினைத்து, ஆளைப் பார்க்காமலே இரண்டு நிமிஷத்தில் 'மீறல்' முத்திரை குத்தி அனுப்பியவள் இந்துஜாதான். இப்போது வந்திருப்பது மேல்முறையீடு.

"டானிக் ஏதும் குடிச்சீங்களா? நாட்டு மருந்து, லேகியம்?"

"இல்ல மேடம். அட்டையில என்ன போட்டிருக்கோ அதுதான். எம்மக பொறந்தநாளுக்குக்கூட நா கேக்கு தின்னதில்ல."

"அவ பொய் சொல்ல மாட்டா மேடம்" என்றான் அஸ்வந்த். "எனக்கு வெள்ளை அட்டை. நா டீ குடிக்கணும்னாகூட வெளிய கடைக்குப் போய்க் குடிச்சிட்டு வருவேன். அவ முன்னால குடிச்சா அவளுக்கு ஆசை வந்துரும்னு."

வேலுத்தாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வர்ஷினியின் பின்னல் இடுப்பைத் தாண்டித் தொங்கியது. உடம்பு இளைத்தும் முடி இளைக்கவில்லை. இந்துஜா கத்தரிக்கோலை எடுத்து, கழுத்தோரம் ஒரு முடியை வெட்டி உறையில் போட்டாள். முடி பொய் சொல்லாது. மாசத்துக்குக் கொஞ்சமாக வளரும்போதே அந்த மாசம் தின்றதையும் குடித்ததையும் தனக்குள் பதித்துக்கொண்டு வரும். அவ்வளவு நீளமுள்ள முடியில் ஏழெட்டு வருஷத்துச் சாப்பாடு வரிசையாக இருக்கும்.

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. நுனியிலிருந்து தலைவரைக்கும் ஒரு சொட்டு டீ இல்லை, டானிக் இல்லை, கலியாண வீட்டுச் சாப்பாடுகூட இல்லை. அட்டை சொன்னதைத் தவிர வேறெதுவும் இல்லை. இந்துஜா இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு முடியைப் பார்த்ததில்லை. ஆய்வாளர்கள் வீட்டு முடியே இவ்வளவு யோக்கியமாக இருக்காது.

அப்படியானால் வியாதி எங்கிருந்து வந்தது? விதிப்படி கூடப்பிறந்தவர்களின் பதிவை எடுத்து ஒப்பிட வேண்டும். வர்ஷினிக்கு ஒரே அண்ணன், நவனீஷ். ஓசூரில் வேலை, அவனுக்கும் சிவப்பு அட்டை, கல்லுக்குண்டாக இருக்கிறான். இரண்டு பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த இந்துஜா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அண்ணன் தங்கைக்குப் பாதி எழுத்து ஒத்துப்போகும். இது முதலெழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒன்றாக இருந்தது.

ஊசிக்குப் பயந்து ஆள் மாற்றி அனுப்பிய கதையெல்லாம் அந்தக் காலத்தில் உண்டு. அண்ணனை அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, மறுநாளே பசுவந்தனை ரோட்டில் வேலுத்தாயின் வீட்டுக்குப் போனாள். வேலுத்தாய் கடலைமிட்டாய்க் கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். கையில் வெல்லப்பாகின் பிசுக்கு இன்னும் போகவில்லை.

"முகாமுக்கு உங்க மகனை அனுப்பி ரத்தம் குடுக்க வச்சீங்களா?"

"இல்ல தாயி. அவ மாமியாதான் அவளக் கூட்டிட்டுப் போனா. எம்மவந்தான் அப்ப ஊருலயே இல்லயே."

"அப்புறம் எப்பிடி ரெண்டு பேரு ரத்தமும் ஒண்ணா இருக்கும்? உண்மையச் சொல்லுங்க. உங்க பொண்ணுக்கு நாள் அதிகம் இல்ல."

வேலுத்தாய் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். பகல் பன்னிரண்டு மணிக்கு, வீட்டில் வேறு யாருமில்லாதபோது சாத்தினாள். அப்புறம் இந்துஜாவின் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அது அவன் ரத்தந்தான் தாயி" என்றாள்.

வர்ஷினிக்கு ஆறு வயதில் ரத்தம் ஊறுவது நின்றுபோயிற்று. ஒரு வருஷம் மதுரையில் கிடந்தார்கள். அண்ணனின் இடுப்பெலும்புக்குள் இருந்து மஜ்ஜை எடுத்து அவளுக்கு ஏற்றினார்கள். அது அவள் எலும்புக்குள் குடியேறி ரத்தத்தை ஊறவைத்தது. பிள்ளை பிழைத்துக்கொண்டாள்.

"ஊருல கேட்டவுகளுக்கு, படிக்க வைக்க மதுரைக்குப் போனோம்னு சொன்னோம். மாப்பிள வீட்டுக்கும் சொல்லல. சீக்காளிப் பிள்ளைன்னு ஒருக்கா பேரு வந்துட்டா யாரு தாயி கட்டிக்கிடுவா? வாயத் தொறக்கக் கூடாதுன்னு அவகிட்டச் சத்தியம் வாங்கித்தான் கழுத்த நீட்டச் சொன்னேன்."

"முகாம்ல கேட்டிருப்பாங்களே. வேற ஆளோட ரத்தமோ உறுப்போ ஏத்தியிருக்கான்னு."

"கேட்டாகளாம். மாமியா பக்கத்துல நின்னா எப்பிடிச் சொல்லுவா?"

இந்துஜா வெளியே வந்து, வேப்ப மரத்தடியில் நின்று டாக்டர் பிலோமினாவுக்குப் போன் செய்தாள். வர்ஷினியைப் பார்க்கிற டாக்டர் அவர்தான். வேலுத்தாய் சொன்னதையெல்லாம் அவரிடம் சொன்னாள்.

"ரத்தம் அவ அண்ணனோடது. அதைப் படிச்சு அட்டை குடுத்துட்டீங்க" என்றார். "ஆனா எவ்வளவு இரும்பை உள்ள விடணும்னு முடிவு பண்றது ரத்தம் இல்லைங்க, கல்லீரல். அது அவளோட சொந்தக் கல்லீரல். அவ முடி ஒண்ணை வேரோட பிடுங்கி அனுப்புங்க. வெட்டினா பிரயோஜனம் இல்ல, வேர்லதான் அவ எழுத்து இருக்கும்."

வேர் பொய் சொல்லவில்லை. வர்ஷினியின் சொந்த எழுத்து அண்ணனுக்கு நேர் எதிராக இருந்தது. அவன் உடம்பில் இரும்பு ஒட்டாது. அவள் உடம்பு கிடைத்த இரும்பையெல்லாம் வாரி உள்ளே போட்டுக்கொள்ளும், வெளியே விடாது. சாதாரணச் சோறும் குழம்பும் நாலு வேளை டீயுமாக எல்லாரையும்போல இருந்திருந்தால் அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, டீயே பாதி இரும்பை மறித்திருக்கும் என்றார் டாக்டர். அட்டையை மீறியிருந்தால் பிழைத்திருப்பாள். ஒன்பது வருஷம் ஒரு பருக்கை பிசகாமல் அவள் அண்ணனுடைய சாப்பாட்டைச் சாப்பிட்டிருக்கிறாள்.

அலுவலகத்துக்குத் திரும்பி வந்தவளுக்கு ஒன்று உறுத்தியது. அண்ணன் ரத்தம் என்றால் அது ஆண் ரத்தம். பெண் பேரில் ஆண் ரத்தம் வந்தால் இயந்திரம் நிறுத்திவிடும். அந்த ஆளை மறுபடி கூப்பிட்டு விசாரித்து இரண்டாம் தடவை எடுக்க வேண்டும். அப்போது ஏன் நிற்கவில்லை? பழைய முகாமின் நாட்பதிவைத் தேடி எடுத்தாள்.

நின்றிருக்கிறது. 'பால்: ஆண். பெயரோடு பொருந்தவில்லை' என்று இயந்திரம் சொல்லியிருக்கிறது. அதற்குக் கீழே ஒரு வரி. 'பெண் எனத் திருத்தப்பட்டது.' பக்கத்தில் திருத்தியவரின் பணி எண்.

அந்த எண்ணை அவள் தேட வேண்டியிருக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தினமும் தன் சட்டையில் குத்திக்கொண்டு வருகிற எண்.

ஆய்வாளர் ஆவதற்கு முன்னால் இந்துஜா முகாம்களில் பதிவு வேலை பார்த்தாள். முதலில் ஞாபகம் வரவில்லை. பிறகு வந்தது. அரசுப் பள்ளி வராந்தா. பெரிய வரிசை. மஞ்சள் கயிற்றின் சாயம்கூட வெளுக்காத ஒரு புதுப்பெண், அவள் தோளை இடித்துக்கொண்டு மாமியார். திரையில் 'ஆண்' என்று வந்தது. இதை எப்படிச் சொல்வது என்று இந்துஜா யோசித்தாள். உங்கள் மருமகள் ரத்தம் ஆண் ரத்தமாக இருக்கிறது, மறுபடி எடுக்க வேண்டும் என்று அத்தனை பேர் முன்னால் சொன்னால், சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க ஒரு கதை கட்டிவிடும். அந்தப் பெண் அந்த வீட்டில் வாழ முடியாது. இயந்திரத்தில் கட்டம் மாறி விழுந்திருக்கும், பாவம், புதுசாகக் கலியாணமான பிள்ளை என்று நினைத்து, ஒரு எழுத்தைத் தட்டி மாற்றிவிட்டு, "போயிட்டு வாங்க" என்று சிரித்தாள். நல்ல காரியம் செய்த திருப்தியோடு அன்றைக்கு வீட்டுக்குப் போனதுகூட நினைவிருந்தது.

மனுவில் இனி மூன்று வழி இருந்தது. மறைத்தது அவள் குற்றம் என்று எழுதலாம், வைத்தியம் கிடையாது. காரணம் தெரியவில்லை என்று எழுதலாம். குழு ஒரு வருஷம் உட்காரும், அவள் அதுவரை இருக்க மாட்டாள். அலுவலகப் பிழை என்று எழுதினால் உடனே ஆணை கிடைக்கும். இயந்திரம் எச்சரித்த பிறகும் விட்டவர்தான் பொறுப்பு என்பது விதி. ஆனால் பிழை செய்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும். அந்தப் பெயருக்கு வேலை போகும், வழக்கு வரும். மேலதிகாரி, "பழைய பதிவையெல்லாம் யாரு கேட்டா? ஏன் வீணா இழுத்து விட்டுக்கிறீங்க?" என்று கேட்டார். நியாயமாகத்தான் கேட்டார். அன்றிரவு இந்துஜா சாப்பிடவில்லை. தன் பிள்ளைகளின் படிப்பை நினைத்தாள், வீட்டுக் கடனை நினைத்தாள், பயமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போய் வர்ஷினியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். திருத்தியது யார் என்பதையும் சொன்னாள்.

வர்ஷினி அவளை ரொம்ப நேரம் பார்த்தாள். "நீங்களாக்கா அது?" என்றாள். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. எங்க அத்த உங்களப் பத்திப் பேசிக்கிட்டே வந்தாக. சிரிச்ச முகமா இருந்தாளேன்னு."

இந்துஜா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

"எழுதுங்கக்கா. எம்மகளுக்கு ஏழு வயசுதான் ஆகுது" என்றாள் வர்ஷினி. "ஆனா எங்க வீட்டுக்காரருக்குப் பழைய சீக்கு தெரிய வேணாம். மறைச்சுக் கட்டிக்கிட்டேன்னு தெரிஞ்சா அவுக மூஞ்சில நா எப்பிடி முழிப்பேன்?"

நோயாளியின் பழைய வியாதி விவரம் மூடிய உறையில் போகும், ஆணையில் 'அலுவலகப் பிழை' என்று மட்டும்தான் இருக்கும் என்று இந்துஜா சொன்னாள். அன்றைக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அவளுடைய பணிநீக்கம் மூன்று நாளில் வந்தது. வர்ஷினிக்கான ஆணைக்குப் பதினேழு நாளாயிற்று. அரசாங்கத்துக்கு எதில் அவசரம் என்று அதிலேயே தெரிந்தது. நவனீஷ் ஓசூரிலிருந்து வந்து, கல்லீரலில் பாதியை வெட்டித் தரத் தயாராகக் காத்திருந்தான். அவன் ரத்தமே அவளுக்குள் ஓடுவதால் அவன் கல்லீரலை அந்த உடம்பு அந்நியமென்று தள்ளாது, இப்படிப் பொருத்தம் ஆயிரத்தில் ஒருத்தருக்கு அமையாது என்று முதலில் டாக்டர் நம்பிக்கையாகத்தான் சொல்லியிருந்தார்.

ஆணையின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு இந்துஜா போனபோது டாக்டர் பிலோமினா அறுவை அறைப் பக்கம் இல்லை. வார்டு வாசலில் நின்றார்.

"இதயத்துலயும் இரும்பு படிஞ்சிருச்சு. மயக்க மருந்து குடுத்தா மேஜையிலயே போயிருவா. மொத மனுவுக்கே இந்தப் பேப்பர் வந்திருந்தா தைரியமா வச்சிருப்பேன்" என்றார். "இனிமே பத்தியம் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டேன். கேட்டதைக் குடுங்க."

முதல் மனு என்றால் முத்திரை குத்திய அந்த இரண்டு நிமிஷம். இந்துஜா ஆணையின் நகலை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

வராந்தா பெஞ்சில் அஸ்வந்த் ஒரு பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தான். டாக்டர் சொன்னதும் கீழே கடைக்கு ஓடி டீ வாங்கி வந்திருக்கிறான். இந்துஜாவைப் பார்த்ததும் எழுந்தான்.

"உறைக்குள்ள என்ன எழுதுனீங்கன்னு நா கேக்கல மேடம். எனக்குத் தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

அவன் தன் வலது தோளெலும்புக்குக் கீழே தொட்டுக் காட்டினான். "அவளுக்கு இங்க ஒரு தழும்பு இருக்கு. கல்யாணமான மூணாம் நாளே பாத்துட்டேன். எங்க சித்தப்பா மகளுக்கும் இதே எடத்துல இதே மாதிரி இருந்துச்சு, ரத்த வியாதிக்கு மருந்து ஏத்தக் குழாய் போட்ட தழும்பு. எதுக்குக் குழாய் போடுவாங்கன்னு எனக்குத் தெரியும். சின்ன வயசுல கீழ விழுந்தேன்னு சொன்னா. சரின்னு விட்டுட்டேன். கேட்டா அழுவா. அவளாச் சொல்லும்போது சொல்லட்டும்னு இருந்தேன்."

"ஒம்போது வருசமாவா?"

"தப்பா நெனைக்கலையே மேடம் நா. அவ மனசு நோகக் கூடாதுன்னுதானே இருந்தேன்." அவன் பிளாஸ்க்கின் மூடியை இறுக்கித் திருகினான். "எனக்குத் தெரியும்ங்கறத அவகிட்டச் சொல்லிறாதீங்க. இத்தன நாள் ஒளிச்சதெல்லாம் ஒண்ணுமில்லாததுக்குன்னு தெரிஞ்சா தாங்க மாட்டா."

இந்துஜா உள்ளே போனாள். பெற்றவள் பாசத்தில் வாயை மூடினாள். தாலி கட்டியவன் பிரியத்தில் கேட்காமல் இருந்தான். நடுவில் ஒருத்தி இரக்கப்பட்டு ஒரு எழுத்தை மாற்றினாள். கெட்ட எண்ணம் ஒருவருக்கும் இல்லை.

வர்ஷினி விழித்துத்தான் இருந்தாள். மூச்சு வாங்கியது. பின்னலை யாரோ முன்னால் எடுத்துப் போட்டிருந்தார்கள்.

"அக்கா, அவுகளுக்குத் தெரியாதுல்ல?" என்று கேட்டாள்.

தெரியாது என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்று இந்துஜாவுக்குத் தெரிந்தது. ஒரு எழுத்தைத் தட்டுவதுபோலத்தான். அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து வர்ஷினியின் கையைப் பிடித்தாள்.

"தெரியும்மா. கல்யாணமான மூணாம் நாளே தெரியும். தழும்பைப் பாத்திருக்காரு. நீ வருத்தப்படுவன்னு கேக்கல."

வர்ஷினி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. சொல்லியிருக்கக் கூடாதோ என்று இந்துஜாவுக்குத் தோன்றியது. ஆனாலும் கையை விடவில்லை. வெகுநேரம் கழித்து வர்ஷினி முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"வெளிய டீ வாசம் வருது" என்றாள். "அவுகதானே வச்சிருக்காக?"

"ஆமா."

வர்ஷினி என்னவோ சொன்னாள். சத்தம் வரவில்லை. இந்துஜா காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டுக்கொண்டு வெளியே வந்தாள். அஸ்வந்த் பிளாஸ்க்கை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"நா சொல்லிட்டேன் தம்பி" என்றாள் அவள். "உள்ள போங்க. ரெண்டு தம்ளர் எடுத்துட்டு வரச் சொன்னா."